50 மெகாபிக்சலும் எங்க ஆயாவும்!

முதல்லயே ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன் மக்களே... இது விளம்பரம் இல்லை! என் செல்போனோட பிராண்ட் பேரைக் கடைசி வரி வரைக்கும் சொல்லப் போறதில்லை. சொன்னா, பாதிப் பேர் 'என்னோடதுதான் பெஸ்ட்'னு சண்டைக்கு வருவீங்க. மீதிப் பேர் 'ஐயோ, அதையா வாங்கினே?'னு துக்கம் விசாரிப்பீங்க. ரெண்டும் வேண்டாம். 'கேமராவுக்காகவே செஞ்ச போன்'னு மார்தட்டி விக்கிறாங்களே, அந்த ரகம். 50 மெகாபிக்சல், முதுகுல மூணு கண்ணு, நைட் மோடு, போர்ட்ரெய்ட் மோடு, அழகு மோடு... அடையாளத்துக்கு இது போதும்!

வாங்கி எட்டு மாசம் ஆகுது. செகண்ட் ஹேண்ட்தான். விலை 14,500 ரூபாய். மூணாம் வருஷம் ஈ.சி.இ. படிக்கிற எனக்கு அது பெரிய தொகை. லீவு நாள்ல ஒரு ஜெராக்ஸ் கடையில டைப் அடிச்சுக் கொடுத்தது, ஸ்கூல் பசங்களுக்கு மேத்ஸ் டியூஷன் எடுத்ததுன்னு சேர்த்த காசு. 'அந்தக் காசுக்கு நல்லதா ஒரு பழைய லேப்டாப் வாங்கலாம்டா'ன்னு நண்பர்கள் அட்வைஸ் மழை பொழிஞ்சாங்க. நான் அசரலை. ஏன்னா, எனக்கு வேண்டியிருந்தது போன் இல்லை... ஒரே ஒரு போட்டோ!

மாலை போட ஆதார் கார்டா?

திருவண்ணாமலையில எங்க வீடு ரமணாசிரமம் பக்கம். கிரிவலம் வந்தவங்களுக்குத் தெரியும், அக்னி லிங்கத்தைத் தாண்டி செங்கம் ரோட்டுல நடந்தா ஆசிரமம் வரும். அங்கேருந்து கொஞ்சம் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில பூக்கட்டி விக்கிறாங்க எங்க ஆயா. எங்க ஊர்ப் பக்கம் பாட்டியை 'ஆயா'ன்னுதான் கூப்பிடுவோம். முப்பது வருஷமா அதே மரம், அதே கோணிச்சாக்கு, அதே தண்ணி தெளிச்ச கூடை.

டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் எங்க ஏரியாவுல வெளிநாட்டுக்காரங்க சீஸன். குழாய் மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிற லென்ஸோட வருவாங்க. ஆயா முன்னாடி குந்திக்கிட்டு, 'பாட்டி... ஸ்மைல்!'ம்பாங்க. ஆயாவும் வெத்தலைச் சிவப்போட ஒரு சிரிப்புச் சிரிப்பாங்க. க்ளிக்! 'நன்றி'ன்னு கையெடுத்துக் கும்பிட்டுப் போயிடுவாங்க. அவ்வளவுதான். இப்படி எத்தனை நூறு படம் எடுத்திருப்பாங்களோ! ஜெர்மனியிலயோ பிரான்ஸ்லயோ ஏதோ ஒரு வீட்டுச் சுவர்ல எங்க ஆயா கம்பீரமா தொங்கிட்டிருக்கலாம். எங்க வீட்டுச் சுவர்லதான் இல்லை.

எங்ககிட்ட இருந்த ஆயா படம் மொத்தம் ரெண்டு. ஒண்ணு வாக்காளர் அட்டையில. இன்னொண்ணு ஆதார்ல. ரெண்டுலயும் போலீஸ் தேடுற ஆள் மாதிரி முறைச்சுக்கிட்டிருப்பாங்க. கல்யாணப் போட்டோ ஒண்ணு இருந்து, மழையில கூரை ஒழுகி, முகமெல்லாம் கரைஞ்சு, ஃப்ரேம் மட்டும் மிஞ்சிச்சு.

ஒருநாள் பூக்கட்டிக்கிட்டே சாதாரணமா சொன்னாங்க: "ஒரு நல்ல படமா எடுத்து வையிடா. நாளைக்கு நான் போய்ட்டா மாலை போடறதுக்கு ஆதார் கார்டையா பெருசு பண்ணுவீங்க?"

சொல்லிட்டு அவங்க சிரிச்சாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரலை. இப்பப் புரியுதா, நான் ஏன் கேமரா போனுக்குப் பணம் சேர்த்தேன்னு?

எங்க ஏரியாவும் கேமராவும்

எங்க ஏரியாவுக்குக் கேமரா ஒண்ணும் புதுசு இல்லை பாஸ். 1896 செப்டம்பர் 1-ம் தேதி, 16 வயசுப் பையனா திருவண்ணாமலையில வந்து இறங்கின ரமணர், 1950 ஏப்ரல் 14-ம் தேதி மறையற வரைக்கும் இந்த மலையை விட்டு வேற ஊருக்குப் போகவே இல்லை. உலகம்தான் அவரைத் தேடி இங்கே வந்துச்சு. அதுல கேமராக்காரங்களும் உண்டு. டீக்கடை, ஆட்டோ, மருந்துக்கடைன்னு எங்க ஏரியாவுல எங்கே திரும்பினாலும் ஒரு ரமணர் படம் உங்களையே பார்க்கும். நரைச்ச தலை, நரைச்ச தாடி, உதட்டோரம் லேசா ஒரு சிரிப்பு... 1946-ல ஜி.ஜி.வெல்லிங் எடுத்த படம் அது. 1949 மே மாசம் அமெரிக்காவோட 'லைஃப்' பத்திரிகை ரமணரைப் பத்தி ஒரு கட்டுரை போட்டுச்சு. அதுக்குப் படம் எடுத்தவர் எலியட் எலிசோஃபோன்.

எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிடற மாதிரி இன்னொருத்தர் வந்தார். ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன்! போட்டோகிராஃபி படிக்கிற எந்த மாணவரைக் கேட்டாலும் கன்னத்துல போட்டுக்குவாங்க. 'மேக்னம்' போட்டோ நிறுவனத்தை 1947-ல ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். கையில எப்பவும் ஒரு குட்டி லைக்கா கேமரா. சரியான நொடிக்காகக் காத்திருந்து க்ளிக் பண்றதுல மன்னர். ரமணரோட கடைசி நாட்கள்ல அவர் இங்கேதான் இருந்தார். படங்களும் எடுத்தார்.

ஏப்ரல் 14 ராத்திரி. ஒரு எரிநட்சத்திரம் தெற்கேயிருந்து மெதுவா வானத்தைக் கடந்து, மலை உச்சிக்குப் பின்னாடி மறைஞ்சதை அவர் பார்த்தார். உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி 8.47. ஆசிரமத்துக்கு ஓடினார். ரமணர் போன நேரமும் அதுவேதான்!

இதுல என்னை உலுக்கின விஷயம் எது தெரியுமா? உலகத்தோட தலைசிறந்த போட்டோகிராஃபர், வாழ்க்கையில ஒரே தடவை வர்ற அந்த நொடியில கேமராவைப் பார்க்கலை... வாட்ச்சைப் பார்த்தார். அந்த நட்சத்திரம் அவர் சொன்ன வார்த்தையாத்தான் நமக்குக் கிடைச்சிருக்கு. எதைப் பார்த்தாலும் முதல்ல போனைத் தூக்கற நாம இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

இன்னொரு தமாஷ். அதே லைக்கா பேர் 2016-லயே ஹுவாவே போன் முதுகுல ஏறிடுச்சு. 2022-ல இருந்து ஷாவ்மி போன்கள்லயும் பார்க்கலாம். இன்னொரு ஜெர்மன் லென்ஸ் கம்பெனியான கார்ல் ஸைஸ் 2005-லயே நோக்கியா என்-90 போன்ல உட்கார்ந்துடுச்சு. அந்தக் காலத்து ஜாம்பவான்கள் எல்லாம் இப்ப நம்ம பேன்ட் பாக்கெட்ல!

வெயில்ல ராஜா!

சரி, போனுக்கு வருவோம். பகல் வெளிச்சத்துல என் போன் ராஜா. சந்தேகமே இல்லை.

ஆசிரமத்துக்குப் பின்னாடி இருந்து ஒரு கல் பாவின பாதை மலை மேல ஏறும். ரமணர் 1916-ல இருந்து 1922 வரைக்கும் இருந்த ஸ்கந்தாசிரமத்துக்கு அதுல போகலாம். அங்கே பக்கத்துல ஒரு பாறையில நின்னு கீழே பார்த்தா, அண்ணாமலையார் கோயில் மொத்தமும் பொம்மைக் கொலு வெச்ச மாதிரி விரியும். நாலு பக்கக் கோபுரங்களும், 217 அடி ராஜகோபுரமும்! ஊருக்கு வர்ற எல்லோரும் எடுக்கிற படம்தான். ஆனா, காலையில ஏழு மணிக்குப் பனி விலகறப்போ எடுத்துப் பாருங்க... 11 நிலையையும் ஒண்ணொண்ணா எண்ணலாம்.

'50 மெகாபிக்சல்னா சும்மாவா?'ன்னு கேட்கறீங்களா? இங்கேதான் ஈ.சி.இ. மூளை முழிச்சுக்குது. போன் எனக்குக் கொடுக்கிற படம் 50 மெகாபிக்சல் இல்லை. பன்னிரண்டரைதான்! சென்சார்ல இருக்கிற குட்டிக் குட்டிப் பிக்சல்கள்ல பக்கத்துப் பக்கத்து நாலைச் சேர்த்து ஒண்ணாக்கிடுது. ஒவ்வொண்ணும் மழையில வெச்ச டம்ளர்னு வெச்சுக்கங்க. நாலு டம்ளர் தண்ணியை ஒரே சொம்புல ஊத்தினா அளக்கிறது சுலபம் இல்லையா? அதே மாதிரி வெளிச்சத்தைச் சேர்த்து அளக்கிறதால படத்துல புள்ளி புள்ளியா வர்ற இரைச்சல் குறையும்.

இந்த வித்தையைப் பிரபலமாக்கினது 2012-ல வந்த நோக்கியா 808 ப்யூர்வியூ. 41 மெகாபிக்சல் சென்சாரை வெச்சுக்கிட்டு, பிக்சல்களைச் சேர்த்துச் சேர்த்து 5 மெகாபிக்சல்ல அருமையான படம் கொடுத்துச்சு. ஜப்பான்ல 2000-ல வந்த ஷார்ப் ஜே-எஸ்.எச்.04 போன்ல கேமரா வெறும் 0.11 மெகாபிக்சல். பன்னிரண்டு வருஷத்துல அங்கேருந்து இங்கே! ஆக, பெட்டி மேல இருக்கிற நம்பர் உங்க கைக்கு வர்ற நம்பர் இல்லை. சென்சார் எவ்வளவு பெருசு, லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுது... இதுதான் விஷயம்.

குறைகளும் இருக்கு. மூணு கண்ணுல ஒண்ணு 2 மெகாபிக்சல் மேக்ரோ. சத்தியமா சொல்றேன், அது கண் திருஷ்டிக்கு வெச்சது! ரெண்டு மடங்கு ஜூம் வரைக்கும் ஓகே. பத்து மடங்குல மலை மேல நிக்கிற மரமெல்லாம் தண்ணியில நனைஞ்ச வாட்டர் கலர் பெயின்ட்டிங். போர்ட்ரெய்ட் மோடுல ஆசிரமத்து மயிலை எடுத்தா, கொண்டையில இருக்கிற மெல்லிசான குச்சிகளைப் 'பின்னணி'ன்னு நினைச்சு அழிச்சுடுது. மொட்டை மயில்!

ராத்திரியில மந்திரவாதி!

நைட் மோடை ஆன் பண்ணினா, 'கையை ஆட்டாதீங்க'ன்னு ஒரு மூணு செகண்ட் கெஞ்சும். அந்த நேரத்துல அது எடுக்கிறது ஒரு படம் இல்லை... பல படங்கள். நம்ம கை நடுக்கத்துல ஒவ்வொண்ணும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு சரியாப் பொருத்தி, சராசரி எடுத்து, ஒரே படமாக்கும். கணக்குதான் பாஸ், மந்திரம் இல்லை! 2018-ல கூகுள் பிக்சல் போன்ல 'நைட் சைட்' வந்தப்போ உலகமே வாயைப் பிளந்துச்சு. அந்த டீமை வழிநடத்தின மார்க் லெவாய், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்தவர்.

ஆனா, மந்திரவாதிக்கு ஒரு வியாதி... எங்கே இருட்டைப் பார்த்தாலும் லைட் போட்டுடுவார்! 2025 கார்த்திகை தீபத்துக்கு அடுத்த சில நாள் கழிச்சு, எங்க மொட்டை மாடியில இருந்து மலை உச்சியை எடுத்தேன். தீபம் தொடர்ந்து 11 நாள் எரியும்ல? கண்ணுக்குத் தெரிஞ்சது, கரு கருன்னு ஒரு மலை, உச்சியில மஞ்சளா ஒரு துளி. போன் கொடுத்தது, பச்சைப் பசேல் மலை, நீல வானம், உச்சியில வெள்ளையா ஒரு பல்பு! 2,668 அடி மலையை ட்யூப் லைட் போட்டுக் காட்டின மாதிரி. அழகாத்தான் இருந்துச்சு. ஆனா, அன்னிக்கு ராத்திரி நான் பார்த்தது அது இல்லை.

வைத்தியம் சுலபம். நைட் மோடை அணைச்சுடுங்க. திரையில தீபத்து மேல விரலை அழுத்தி வைங்க. ஃபோகஸும் வெளிச்சமும் லாக் ஆகும். பக்கத்துல வர்ற சூரியப் படத்தைக் கீழே இழுங்க. இருட்டு இருட்டாவே இருக்கும். தீபம் தீபமா எரியும்!

நிலா... நிஜமா?

பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்க தெருவே ஆறு மாதிரி ஓடும். 14 கிலோமீட்டர் கிரிவலம். நடக்கிறவங்கள்ல பல பேர் நின்னு நிலாவைப் போன்ல எடுப்பாங்க. சில பேர் படத்துல நிலா வெள்ளைப் பொட்டு. சில பேர் படத்துல பள்ளம் மேடெல்லாம் தெரியும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோமா? வானத்துல நிலாவோட அகலம் ஏறக்குறைய அரை டிகிரி. சாதாரண போனோட மெயின் லென்ஸ் குவியத் தூரம் அஞ்சு, அஞ்சரை மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தா, சென்சார் மேல விழற நிலாவோட அகலம் ஒரு மில்லிமீட்டர்ல இருபதுல ஒரு பங்கு. அதாவது, சுமார் 50 பிக்சல்! நாலை ஒண்ணாச் சேர்த்துட்டா இருபத்தஞ்சு. இருபத்தஞ்சு புள்ளியில எத்தனை பள்ளம் வரையறது?

சில போன்கள்ல நிஜமான டெலிபோட்டோ லென்ஸ் இருக்கு. அது வேற கதை. ஆனா, அதுலயும் ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு. 2023 மார்ச்ல ஒருத்தர், நிலாப் படத்தை வேணும்னே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில வெச்சு, தூரத்துல இருந்து சாம்சங் போன்ல எடுத்தார். திரையில இல்லாத விவரமெல்லாம் போட்டோவுல வந்துச்சு! அப்புறம் கம்பெனி கொடுத்த விளக்கம்: செயற்கை நுண்ணறிவு, 'இது நிலா'ன்னு அடையாளம் கண்டு, விவரங்களை மெருகேத்துது.

அதாவது, போனுக்கு நிலா எப்படி இருக்கணும்னு முன்னாடியே தெரியும். நீங்க காட்டறதைக் கொஞ்சம் பார்த்துக்கிட்டு, தனக்குத் தெரிஞ்சதையும் கலந்து கொடுத்துடுது. நிலாவுக்குப் பரவாயில்லைன்னு விட்டுடலாம். ஊருக்கெல்லாம் ஒரே நிலாதானே? ஆனா, முகத்துக்கு?

"இது யாருடா?"

போன் வாங்கின மறுநாளே ஆயாவை எடுத்தேன். போர்ட்ரெய்ட் மோடு. கடையில எப்படி செட் பண்ணிக் கொடுத்தாங்களோ, அப்படியே. பின்னணி எல்லாம் வெண்ணெய் மாதிரி உருகி, சினிமா போஸ்டர் கணக்கா ஒரு படம். ஓடிப்போய்க் காட்டினேன்.

ஆயா போனைக் கிட்ட வெச்சுப் பார்த்தாங்க. தூர வெச்சுப் பார்த்தாங்க. "இது யாருடா?"ன்னாங்க.

விளையாட்டுக்குக் கேட்கலை. நிஜமாவே கேட்டாங்க.

அப்புறம்தான் நானும் நல்லாப் பார்த்தேன். நெத்தியில இருந்த கோடுகள் காணோம். கன்னத்துச் சுருக்கம் காணோம். நிறம் ரெண்டு படி ஏறிடுச்சு. வெத்தலைக் கறை படிஞ்ச பல்லு டூத்பேஸ்ட் விளம்பரப் பல்லு ஆகிடுச்சு. 74 வயசு மனுஷிக்கு 50 வயசு முகம். கையில இருந்த பூச்சரத்தோட நுனியைக்கூட 'பின்னணி'ன்னு மழுப்பிடுச்சு. வெளிநாட்டுக்காரங்க ஆயா படத்தை எடுத்துக்கிட்டுப் போனாங்க... இந்த போன் ஆயாவையே எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு!

இந்த வியாதிக்கு வயசு அதிகம். ஃபிலிம் காலத்துல கோடாக் கம்பெனி, பிரிண்ட் போடற ஸ்டுடியோக்களுக்கு ஒரு அட்டை அனுப்பும். 'ஷெர்லி கார்டு'ன்னு பேர். அதுல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு படம் இருக்கும். அவங்க தோல் நிறம் சரியா வந்தா, மிஷின் சரியா இருக்குன்னு அர்த்தம். உலகம் பூரா அதுதான் அளவுகோல்! கறுப்புத் தோல்காரங்க படத்துல கண்ணும் பல்லும் மட்டும் தெரிஞ்சா, அது மிஷின் பிரச்னைன்னு யாரும் நினைக்கலை. ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தும் அந்தப் பழக்கம் முழுசாப் போகலை. 2021-ல பிக்சல் 6 போனோட 'ரியல் டோன்'னு ஒண்ணைக் கூகுள் கொண்டுவந்துச்சு. கறுப்பு, மாநிறத் தோலை அதோட நிறத்துலயே காட்டறதுக்கான முயற்சி. நிறத்தை நிறமாக் காட்டறதுக்கு 2021 வரைக்கும் தனியா ஒரு பேர் வெச்சு உழைக்க வேண்டியிருந்துச்சுன்னா பார்த்துக்கங்க.

நம்ம ஊர் கேட்கவே வேண்டாம். கல்யாண ஆல்பத்துல பொண்ணு, மாப்பிள்ளை ரெண்டு பேரையும் மைதா மாவுல முக்கி எடுத்திருப்பாங்களே! போன் கம்பெனிக்காரங்களைக் கேட்டா, 'நீங்கதானே விரும்பறீங்க?'ம்பாங்க. அதுலயும் உண்மை இல்லாம இல்லை.

வேப்பமரத்தடி ஸ்டுடியோ

செட்டிங்ஸுக்குள்ள புகுந்து ஒவ்வொண்ணா அணைச்சேன். அழகு மோடு, பூஜ்யம். 'ஏ.ஐ. மேம்பாடு', ஆஃப். போர்ட்ரெய்ட் மோடு, வேண்டவே வேண்டாம். சாதாரண மோடு, ரெண்டு மடங்கு ஜூம். கிட்டப் போய் எடுத்தா மூக்கு பெருசாத் தெரியும். நாலடி தள்ளி நின்னு ஜூம் பண்ணினா முகம் முகமா இருக்கும்.

நேரம், காலையில ஆறரை. வேப்பமர நிழல்ல வெயில் நேரா விழாம, ரோட்டுப் பக்கம் இருந்து மெத்துனு வெளிச்சம் வரும். 'இங்கே பாரு ஆயா, சிரி'ன்னு எதுவும் சொல்லலை. 'நீ பாட்டுக்குக் கட்டு'ன்னு சொல்லிட்டுப் பக்கத்துல உட்கார்ந்தேன். மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து... வாழைநார் அந்த விரல்கள்ல ஓடற வேகத்தை எந்த ஆட்டோ ஃபோகஸும் துரத்த முடியாது. அரை மணி நேரத்துல முப்பது படம். இருபத்தேழாவது படத்துல, யாரோ தெரிஞ்சவங்க ரோட்டுல போறாங்கன்னு ஆயா நிமிர்ந்து பார்த்தாங்க. அதுதான் படம்!

தேரடித் தெருப் பக்கம் ஒரு ஸ்டுடியோவுல பிரிண்ட் போடக் கொடுத்தேன். கம்ப்யூட்டர்ல இருந்த அண்ணன் படத்தைப் பார்த்துட்டு அன்பாக் கேட்டார்: "தம்பி, முகத்தை க்ளீன் பண்ணிடவா? சுருக்கமெல்லாம் எடுத்துட்டா ஜம்முனு இருக்கும். காசு வேணாம்."

"வேணாம்ணா. அப்படியே போடுங்க."

"அப்படியேவா?"

"அப்படியே!"

பிரிண்டை ஆயா கையில கொடுத்தேன். பூக்கூடையை நகர்த்தி வெச்சுட்டு, ஈரக் கையை முந்தானையில துடைச்சுக்கிட்டு வாங்கினாங்க. ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் படத்துல கன்னத்துக் கிட்ட விரலை வெச்சு, மெதுவாச் சொன்னாங்க: "எங்கம்மா மாரியே இருக்கேன்டா. கடைசி காலத்துல அவ இப்படித்தான் இருந்தா. அவளுக்கு ஒரு படம்கூட இல்ல..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. போன் அழிச்ச அந்தச் சுருக்கங்கள்லதான் ஆயாவோட அம்மா இருந்திருக்காங்க! எங்க குடும்பத்துல யாருமே பார்க்காத ஒரு கொள்ளுப்பாட்டியை, அந்த ஒரு பிரிண்ட்லதான் நான் முதல்முறையாப் பார்த்தேன். அழகு மோடுல இருந்திருந்தா அவங்க எங்களுக்குக் கிடைச்சிருக்கவே மாட்டாங்க.

ஒரு பிரிண்ட் வீட்டுச் சுவர்ல ஏறிடுச்சு. இன்னொரு பிரிண்டை ஆயா கவர்ல போட்டுப் பூக்கூடையிலயே வெச்சுக்கிட்டாங்க. ரெண்டு முழம் வாங்கினா ஒரு தடவை காட்டறாங்க! அதைப் பார்த்துட்டு இளநீர்க்கடைக்காரர் கேட்டார், 'எனக்கும் ஒண்ணு எடுடா'ன்னு. அப்புறம் செருப்பு தைக்கிற தாத்தா, ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள், ஆசிரமத்துக்கு எதிர்ல உட்கார்ந்திருக்கிற ஒரு சாமியார். இதுவரைக்கும் 23 பிரிண்ட் கொடுத்திருக்கேன். எல்லோரும் நூத்துக்கணக்கான தடவை படம் எடுக்கப்பட்டவங்க. தன் படத்தைக் கையில வாங்கினது பல பேருக்கு அதுதான் முதல் தடவை.

எடுக்காத படங்களும் உண்டு. ஆசிரமத்துப் பழைய ஹால்ல கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறவங்களை நான் எடுக்கிறதில்லை. அவங்க கண்ணை மூடியிருக்கிறது என் கேமராவுக்காக இல்லை. கோயில்கள்லயும் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை உத்தரவு போட்டிருக்கு. சில இடத்துல போன் பாக்கெட்ல இருக்கிறதுதான் மரியாதை.

வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

* மெகாபிக்சலை மட்டும் பார்த்து மயங்காதீங்க. மெயின் கேமராவுல 'ஓ.ஐ.எஸ்.' இருக்கான்னு கேளுங்க. கை நடுக்கத்தை லென்ஸே சமாளிக்கிற வசதி அது. நைட் படத்துக்கு அதுதான் உயிர்.

* கடையிலயே ஒரு மாநிறத்துக்காரரை, ஜன்னல் பக்கம் நிக்கவெச்சு எடுத்துப் பாருங்க. ஆள் கிடைக்கலைன்னா உங்க கையையே எடுங்க. திரையில வர்ற கை உங்க கை மாதிரி இல்லைன்னா, அழகு மோடை அணைச்சுட்டு மறுபடி எடுங்க. அப்பவும் இல்லைன்னா, அடுத்த போன்!

* செகண்ட் ஹேண்டா? லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சு, தூசி, பூஞ்சை இருக்கான்னு பாருங்க. வெள்ளைச் சுவரை எடுத்தா கறுப்புப் புள்ளி காட்டிக்கொடுத்துடும். பத்து நிமிஷம் வீடியோ ஓடவிட்டுச் சூடு தாங்குதான்னு பாருங்க.

* *#06# அடிச்சா ஐ.எம்.இ.ஐ. நம்பர் வரும். மத்திய அரசோட 'சஞ்சார் சாத்தி' தளத்துல அந்த நம்பரைப் போட்டு, அது திருட்டு போனாத் தடை செய்யப்பட்டதான்னு பார்த்துட்டுக் காசைக் கொடுங்க. பில் இல்லாம வாங்காதீங்க.

* லென்ஸைத் துடைங்க! மங்கலா வர்ற படத்துக்குப் பல நேரம் காரணம் சென்சார் இல்லை... நேத்து சாப்பிட்ட பஜ்ஜி!

மார்க் எவ்வளவு?

எட்டு மாசத்துக்கு அப்புறம் என் போனுக்கு மார்க் போடச் சொன்னா, பகலுக்குப் பத்துக்கு ஒன்பது. ராத்திரிக்கு ஏழு. ஜூமுக்கு நாலு. மேக்ரோவுக்கு மார்க்கே கிடையாது, டி.சி. கொடுத்து அனுப்பிட்டேன். முகத்துக்கு? கடையில கொடுத்தபடி வெச்சா பூஜ்யம். எல்லாத்தையும் அணைச்சுட்டு, நல்ல வெளிச்சத்துக்காகக் காத்திருந்தா பத்துக்குப் பத்து. அந்தப் பத்துல பாதி மார்க் போனுக்கு. மீதி, 'அப்படியே போடுங்க'ன்னு சொல்றவங்களுக்கு.

உங்க போன்ல இப்ப எத்தனை படம் இருக்கும்? மூவாயிரம்? அஞ்சாயிரம்? அதுல உங்க வீட்டுப் பெரியவங்க, சுருக்கத்தோட, கறையோட, அவங்களாவே இருக்கிற படம் எத்தனை? ஒண்ணுமில்லைன்னா, இந்த ஞாயித்துக்கிழமை காலையில ஆறரை மணிக்கு எழுந்திருங்க. ஒரு படம் எடுங்க. பதினஞ்சு, இருபது ரூபாய்தான்... பிரிண்ட் போட்டு அவங்க கையில கொடுங்க. சுவர்ல மாட்டறதை அவங்க பார்க்கணும்!